ஐந்நூறு வில் தொலைவு

காட்டில் வாழ விரதம் எடுத்த பிக்கு ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஐந்நூறு வில். நாணேற்றிய வில்லை நிலத்தில் வைத்து அளந்துகொண்டே போனால் ஐந்நூறாவது வில் முடிகிற இடம். இன்றைய அளவில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் இது வருகிறது. அளவையை எங்கே தொடங்குவது, ஊருக்கு மதில் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்றெல்லாம் காணி அளக்க வந்தவரின் பொறுமையோடு சொல்லிக்கொண்டு போகிறார். ஊர் கிட்டத்தில்தான் இருக்கிறது, ஆட்களின் சத்தம்கூடக் கேட்கிறது, ஆனால் நடுவில் மலையோ ஆறோ கிடப்பதால் நேரே போக முடியாது என்றால், வழமையாகப் போய்வருகிற வழியை அளந்துகொள்ளலாம். அது தோணியில் போகிற வழியானாலும் பாதகமில்லை. ஆனால், கணக்குச் சரிவரவேண்டும் என்பதற்காகவே வழியை அங்கங்கே அடைத்துச் சுற்றுவழி ஆக்குகிறவன் விரதத்தையே ஏமாற்றுகிறான்.

இந்தக் கடைசி விதியை வாசிக்கும் நேரமெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்படிச் செய்த ஒருவரையாவது அந்த மனிதருக்கு நேரில் தெரிந்திருக்கவேண்டும்.

கிட்டத்து எல்லை ஐந்நூறு வில். எட்டத்து எல்லையை வயிறு பார்த்துக்கொள்ளும். பிக்கு சமைக்கக் கூடாது. இன்று கிடைத்த சோற்றை நாளைக்கென்று வைக்கக் கூடாது. உச்சிப்பொழுது தாண்டினால் சாப்பிடவும் கூடாது. ஆகவே காலையில் ஊருக்கு நடந்துபோய், பாத்திரத்தில் விழுந்ததை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறமுன் திரும்பிவரக் கூடிய தூரத்துக்குள்தான் அவருடைய காடு இருக்க முடியும். இரைச்சல் எட்டாத தூரம், சோறு எட்டுகிற தூரம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ஒரு துண்டு நிலத்துக்குத்தான் தனிமை என்று பெயர்.

நான் இதை வாசித்தது பொத்துவிலுக்குத் தெற்கே, ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்து. கொட்டில் என்று நான்தான் சொல்கிறேன். வாசல் பலகையில் ‘கபானா’ என்று எழுதியிருந்தது. அறுகம்பைப் பாலத்தைக் கடந்து பாணமைக்குப் போகிற தெருவில், கடற்பக்கமாக ஒரு மணல் ஒழுங்கை இறங்குகிறது. தென்னைகளுக்கு நடுவே நாலைந்து கொட்டில்கள். மாரி தொடங்கப்போகிற காலம். அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். மற்றக் கொட்டில்கள் பூட்டிக் கிடந்தன. மரக்கால்கள், சீமெந்துத் தரை, இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கிடுகுச் செத்தை, அதற்கும் மேல் கிடுகுக் கூரை. ஒரு கட்டில், நுளம்பு வலை, ஒரு மேசை, ஒரு பிளாஸ்ரிக் கதிரை. குளிக்கிற இடத்துக்குக் கூரை இல்லை. குசினியும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஓடித் திரிந்தவளுக்கு, குசினி இல்லாத ஒரு வீட்டில் கண்விழிப்பதே போதுமான விடுமுறை.

பதிவுப் புத்தகத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஆசிரியை என்று எழுதிய கையோடு நான் டீச்சர் ஆகிவிட்டேன். “டீச்சர் தனியாவா? சேர் பிறகு வாராரா?” என்று முதலாளி கேட்டார். வரமாட்டார் என்றேன். “மகள், கிகள் ஆரும்?” ஒருவரும் இல்லை. அவருடைய பேனை கொஞ்ச நேரம் எழுதாமல் நின்றது. அதே பக்கத்தில் எனக்கு மேலே ஐரோப்பியப் பெயர்கள் வரிசையாக இருந்தன; பாதிக்கு மேல் பெண்கள், தனியே வந்து வாரக்கணக்கில் இருந்துவிட்டுப் போனவர்கள். அவர்களிடம் சேர் எங்கே என்று கேட்டிருக்கமாட்டார். வெள்ளைக்காரி தனியே வந்தால் அது பயணம். எங்கட பெண் தனியே வந்தால் ஏதோ நடந்திருக்கிறது: வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் சாகிற யோசனை. அவர் இரண்டாவதைத்தான் நினைத்தார் போல. முதல் இரவு முழுக்கச் செத்தைக்கு வெளியே ரோச் வெளிச்சம் போவதும் வருவதுமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கிடுகைப் பற்றி யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, கட்டுக் கட்டாகக் குளத்திலோ கடலேரியிலோ ஊறப்போட்டு, பதம் வந்ததும் எடுத்து, ஈரம் காயமுன் பின்ன வேண்டும். உவர்நீரில் ஊறினால் கறையான் இலகுவில் அண்டாது. பின்னுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிலத்தில் குந்தியிருந்து, மட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று தூக்கி மடித்துச் செருகிக்கொண்டு போவார்கள். கண் தெருவில் இருக்கும், வாய் ஊர்க்கதையில் இருக்கும், கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஊறிய ஓலைக்கு ஒரு சேற்று நாற்றம் உண்டு. வேலியில் ஏறியபிறகும் கொஞ்ச நாள் விடாது. கிடுகு இரண்டு மாரி தாங்கும், நெருக்கி வேய்ந்தால் இன்னும் ஒன்று. இந்தக் கூரை இரண்டாவது மாரியைக் காணப்போகிறது. வெளிப்பக்கம் சாம்பல் பூத்துவிட்டது. உள்ளே, மின்குமிழ் வெளிச்சத்தில், ஓலையின் மடிப்புகள் இன்னும் பழுப்பாகத் தெரிந்தன. ஒரு வரிசையில் மட்டும் பின்னல் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த வரிசையை வேறொரு கை பின்னியிருக்கிறது.

இந்தக் கூரையில் ஆட்கள் குடியிருந்தார்கள். இருட்டினவுடன் பல்லிகள் தொடங்கும். பிறகு சுண்டெலி ஒன்று, முகட்டிலிருந்து தாழ்வாரத்துக்கும் தாழ்வாரத்திலிருந்து முகட்டுக்கும், ஏதோ அலுவலாகப் போய்வரும். அதன் காலடியில் ஓலைத்தூள் நுளம்பு வலையில் விழும். விழுகிற இடத்தை வைத்து அது எங்கே நிற்கிறது என்று சொல்லலாம். நள்ளிரவுக்குப் பிறகு எலியின் ஓட்டம் திடீரென்று நின்று, அதைவிட மெதுவான, நீளமான ஒரு அசைவு ஓலைக்குள்ளால் போகும். அது என்ன என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் முதலாளி உண்மையைச் சொல்லியிருப்பார்.

தனிமை தேடுகிறவர்கள் ஏன் கொட்டிலுக்குப் போகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் புதிராகப் பட்டது. மனிதரைத் தனியாக்குவது சுவர். கொழும்பில் ஒரு தொடர்மாடியின் எட்டாம் தட்டில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தால் உள்ளே ஆள் இருப்பது பல்லிக்குக்கூடத் தெரியவராது. செத்தைக்குப் பின்னால் இருக்கிறவளின் இருமல் ஒழுங்கை முடிவு வரைக்கும் கேட்கும். முதலாளி வீட்டுக் குழந்தையின் அழுகை, தூரத்தில் எங்கோ வயற்பக்கத்தில் போடுகிற யானைவெடி, விடியமுன் பள்ளிவாசல் பாங்கு, எல்லாம் கேட்காமலே என் கட்டிலுக்கு வந்தன. புத்தகோசரின் கணக்கில் பார்த்தால் நான் காட்டில் இல்லை.

கொட்டிலில் இருந்த பழைய நாட்களை நினைக்காமல் இருக்க முடியுமா? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் எழுந்து செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு தென்னங்காணியில் எங்களுக்குக் கிடைத்ததும் கொட்டில்தான்: இதே அளவு, இதே கிடுகு, அங்கே தரை மட்டும் மண். உள்ளே மூன்று குடும்பம். இரவில் யார் அழுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நித்திரை மாதிரிக் கிடப்போம். பிறகு தகரம் வந்தது. கிடுகில் மழை பெய்தால் சத்தமே வராது, ஒழுகினால்தான் பெய்வது தெரியும். தகரத்தில் பெய்தால் பக்கத்திலிருப்பவரோடு கதைக்க முடியாது. அந்த நாட்களில் பலத்த மழையைத்தான் நான் தனிமையாக அனுபவித்தேன். ஒருவர் குரலும் ஒருவருக்கும் கேட்காத அரைமணித்தியாலம். அதற்கு அப்போது காசு கேட்கவில்லை.

கொட்டிலில் இருந்த துறவி என்றால் எங்கள் ஊரில் யோகர் சுவாமிதான். 1872இல் பிறந்தவர், 1964இல் சமாதியானவர். முதலில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியைக் கண்டபிறகு அதை விட்டார். கொழும்புத்துறைச் சந்தியில் ஓர் இலுப்பை மரத்தடியிலும் பின்னர் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டிலிலுமாகப் பெரும்பகுதி வாழ்க்கை போயிற்று. அந்தக் கொட்டிலுக்கு எப்போதாவது தனிமை கிடைத்ததா? விடியற்காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். பெண்ணுக்குக் கலியாணம், மகனுக்கு உத்தியோகம், காணி வழக்கு. மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபுவின் மகன்கூட வந்து சீடராகிச் சந்தசுவாமி ஆனார். வருகிறவர்களைச் சுவாமி ஏசிக் கலைத்ததற்கு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கதை உண்டு. அந்த ஏச்சுக்கு ஆழமான தத்துவ விளக்கம் சொல்லுவார்கள். நான் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறேன்: மனிதருக்குக் கொஞ்சம் சும்மா இருக்கவேண்டியிருந்தது. கலைத்தாலும் ஆட்கள் அடுத்தநாள் வந்தார்கள், கையில் பழமோ பலகாரமோ சோறோ கொண்டுவந்தார்கள். அவர்களை முற்றாகக் கலைத்திருந்தால் கொட்டிலில் அடுப்பு எரிய வேண்டியிருந்திருக்கும்.

எனக்குச் சோறு கொண்டுவந்தது ஒரு ராத்தா. முதலாளிக்கு ஏதோ சொந்தம். பகல் சாப்பாடு மட்டும்தான் ஏற்பாடு, ஏனென்றால் பொழுதுபட்ட பிறகு அந்தத் தெருவில் யானை இறங்கும். இரவுச் சோற்றுக்காக ஒரு பெண்ணைச் சைக்கிளில் அனுப்புவதற்கு அங்கே யாரும் துணியமாட்டார்கள். காலையில் பாணும் தேத்தண்ணியும் முதலாளி வீட்டிலிருந்து வரும். மத்தியானம் ராத்தா. சில்வர்க் கரியரில் சோறு, மீன் ஆணம், ஒரு சுண்டல், சில நாள் வாழையிலையில் சுற்றிய பொரித்த கீரிமீன். ஒருநாள் மண்முட்டியில் எருமைத் தயிர்.

அவர் வருவது பன்னிரண்டரைக்கு. பதினொரு மணிக்கே என் காது ஒழுங்கைக்குப் போய்விடும். கையில் புத்தகம் இருக்கும், அதே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன். பசியென்றும் சொல்ல முடியாது. கரியரில் இன்றைக்கு என்ன இருக்கும் என்ற யோசனை ஒன்று, மணலில் சைக்கிள் சில்லு புதையும் சத்தத்துக்கான காத்திருப்பு இன்னொன்று. என் அம்மா, அதற்குப் பிறகு நான், சமைத்து வைத்துவிட்டு ஆட்கள் வரும்வரை காத்திருந்திருக்கிறோம். சமைத்த ஆள் வரும்வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அது கொஞ்சம் வெட்கமாகவும் மிகவும் சுகமாகவும் இருக்கிறது. வீட்டு ஆண்கள் இந்தச் சுகத்தை வாழ்நாள் முழுக்க வெட்கமில்லாமல் அனுபவித்திருக்கிறார்கள் என்பதையும் பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்திருந்து யோசித்தேன்.

நான் பிக்கு இல்லை, அதனால் பாதியை இரவுக்கு எடுத்து வைப்பேன். தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கோப்பையை வைத்து மூடினால் எறும்பு வராது. குரங்குக்குத் தண்ணீர் ஒரு தடையே இல்லை. ஒரு பின்னேரம் குளித்துவிட்டு வரமுன் மூடி ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம். செத்தைக்கு மேலாலே வந்து, மீனை மட்டும் விட்டுவைத்துவிட்டுச் சோற்றை அள்ளிப் போயிருந்தது. நாளைக்கென்று வைக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் எத்தனை குரங்குகள் இருந்தனவோ.

நான் வாசித்த விசுத்திமக்கத்தின் ஆங்கிலப் பிரதியும் இப்படிச் சோறு வரக் காத்திருந்த ஒருவர் செய்ததுதான். தென்மேற்குக் கரையில், தொடந்துவைக்குப் பக்கத்தில், இரத்கமக் களப்புக்குள் பொல்கஸ்துவ என்று ஒரு சிறு தீவு. வீஸ்பாடனில் பிறந்த ஜேர்மன் வயலின் கலைஞர் ஒருவர் பர்மாவில் துறவியாகி ஞானதிலோகர் என்ற பெயரோடு வந்து, 1911இல் அங்கே ஆச்சிரமம் அமைத்தார். நாலு பக்கமும் தண்ணீர், கண்டல் மரங்கள், தள்ளித் தள்ளிச் சிறு குடில்கள். தானம் தோணியில் வரும். தோணி வழியையும் அளக்கலாம் என்ற விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் உலகம் ஐந்நூறு வில்லை மதிக்கவில்லை. 1914இல் யுத்தம் வந்தது, ஜேர்மன்காரர் என்று பிரித்தானியர் பிடித்து அடைத்தார்கள். 1926இல்தான் தீவுக்குத் திரும்ப முடிந்தது. 1939இல் மறுபடியும். முதலில் தியத்தலாவை, பிறகு இந்தியாவில் தேராதூன் முகாம். திரும்பிவந்தது 1946இல். தனித்திருக்க வந்தவரின் வாழ்நாளில் எத்தனையோ வருடம் முள்ளுக்கம்பிக்குள் கூட்டத்தோடு கழிந்திருக்கிறது.

1949இல் அந்தத் தீவுக்கு இரண்டு ஆங்கிலேயர் வந்தார்கள். யுத்தத்தில் இத்தாலியில் உளவுப்பிரிவு அதிகாரிகளாக இருந்த நண்பர்கள். ஒருவர் ஞாணமோலி ஆனார். விசுத்திமக்கத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர்தான், 1956இல் கொழும்பில் அச்சாயிற்று. மற்றவர் ஞாணவீரர். அவருக்குத் தீவும் போதவில்லை. 1957இல் அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தல கிராமத்துக்கு அப்பால், பற்றைக்காட்டில் ஒற்றைக் குடிலுக்குப் போய், 1965இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். யானையும் முதலையும் பறவைகளும் நிறைந்த அந்தச் சதுப்புநிலம் பின்னால் தேசிய பூங்காவாகியது. அந்தக் குடிலில் இருந்து அவர் செய்த பெரிய வேலை கடிதம் எழுதியது. மற்றவர்களின் கேள்விகளுக்கு, நீளம் நீளமாக, விடாமல். அவர் எழுதியவற்றில் கணிசமான பங்கு கடிதங்களாகவே இருக்கிறது. ஊரிலிருந்து சோறு வந்த பாதையால் தபாலும் போய் வந்திருக்கிறது.

நான் ஒருவருக்கும் கடிதம் எழுதவில்லை. போனை அணைத்து உடுப்புப் பைக்குள் வைத்திருந்தேன். அதைப் பெரிய துறவு போலச் சொல்ல ஒன்றுமில்லை, அந்தக் கொட்டிலில் சிக்னலும் சரியாக எடுக்காது.

கம்பராமாயணத்தில் சித்திரகூடத்தில் இலக்குவன் பர்ணசாலை கட்டுகிற இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். மூங்கில் வெட்டி நட்டு, வளை வைத்து, வரிச்சுக் கட்டி, இலையால் மூடி, சுவருக்கு மண் பூசி, ஒரு கைதேர்ந்த மேசனின் ஒழுங்கோடு கம்பர் வேலையை வரிசைப்படுத்துவார். முடிந்தபிறகு பார்க்கிற இராமன், அரண்மனையில் வளர்ந்த தம்பி இந்த வேலையை எப்போது பழகினான் என்று கலங்குவான். வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது சகோதர பாசம் என்று குறிப்பு எழுதுவித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். இராமனுக்குக் கண் கலங்குவதற்குக் காரணம் பாசம் மட்டும்தானா? தான் இருக்கப்போகிற குடிலை இன்னொருவரின் கை கட்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட வனவாசி அவன். எங்களுக்கு அது தெரிவதில்லை. கூரையில் ஒரு வரிசை இடப்பக்கம் சாய்ந்திருப்பதை அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு.

கிடுகு பின்னியது யார் என்று ராத்தாவிடம் கேட்டேன். “நாங்கதான்” என்றார், நான் கேட்டதே விசித்திரம் என்பதுபோல. அவரும் மச்சிமாரும். சாய்ந்த வரிசையைக் காட்டினேன். “அது சின்ன மச்சி. அவ இடக்கை.”

ராத்தாவின் வீடு முன்பு கடற்கரையில்தான் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும் தெற்கில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டது. பிறகு அதைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் பலபேர் உள்ளுக்குப் போய்விட்டார்கள். இவர்களும் அப்படித்தான். கல்வீடு, அஸ்பெஸ்ரஸ் சீற். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை என்றார். அதனால் பின்பக்கம் ஒரு கிடுகுக் குசினி போட்டிருக்கிறார். சமையல் முடிந்தால் அதற்குள்ளேயே பாயைப் போட்டுச் சரிந்துகொள்வது. என் கட்டிலிலிருந்து அலை நுரைக்கிற இடத்துக்கு நூறு எட்டு இருக்காது. பழைய வீடு இருந்த இடம் எது என்று கேட்டபோது ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் தாடையால் காட்டினார். அங்கேயும் ஒரு கபானா நின்றது.

இவ்வளவு கதைக்கும்போதும் அவர் கதிரையில் இருக்கமாட்டார். அரைச்சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, காலிக் கரியரைக் கையில் பிடித்தபடி நிற்பார். வீட்டில் எட்டுப்பேர். பிறந்ததிலிருந்து ஒரு இரவுகூட ஒரு வீட்டில் தனியே படுத்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். அதில் குறை சொல்கிற தொனியும் இல்லை, பெருமையும் இல்லை.

நான் புறப்படுகிற அன்று கரியரை வாங்க வந்தவர், முதல்தரமாக உள்ளே வந்து, கட்டிலில் இருந்து, கையால் மெத்தையை அமர்த்திப் பார்த்தார். நுளம்பு வலையை அண்ணாந்து பார்த்தார்.

“டீச்சர், ஒரு நாளைக்கு நானும் இதுக்குள்ள தனியாப் படுத்துப் பாக்கணும்.”

“வாங்கோ ராத்தா. காசு நான் குடுக்கிறன்.”

“காசு கிடக்கட்டும். சோறு ஆரு கொண்டு வார?”

“நான் கொண்டு வாறன்.”

கொஞ்சம் யோசித்தார். “உங்கட யாழ்ப்பாணத்துக் கறி எங்களுக்குத் தாங்காது. தூளைக் குறைச்சுப் போடணும், இப்பவே சொல்லிட்டன்.”